சும்மா ஒட்டிக்கொண்டு நிற்கும் புரதம்

குருவுக்கு வயது முப்பத்தேழு. சிஷ்யைக்கு நாற்பத்தெட்டு. ஞானம் கேட்டு வருபவரிடம் யாரும் பிறந்த தேதி கேட்பதில்லை. ஆனாலும் தையல்நாயகிக்கு அது தினமும் உறுத்தியது.

குருவின் பெயர் ஜெசிந்தா. நாமக்கல் பக்கம், கோழிப் பண்ணைகளுக்கு நடுவே இருந்த ஓர் ஆய்வுக்கூடத்தில் வைரஸ்களைப் படிப்பவர். தையல்நாயகி கால்நடை டாக்டர். வெள்ளைக் கழிச்சல் புகுந்த கொட்டகைகளில், காலையில் தீவனம் கொத்திய கோழி மாலையில் கழுத்து திருகிச் சாய்வதை இருபது வருஷம் பார்த்தவள். பார்த்தது போதும் என்று மூன்று வருஷம் படிப்பு விடுப்பு போட்டு வந்திருந்தாள்.

விடுப்பு வருகிற வெள்ளிக்கிழமை முடிகிறது. அதற்குள் ஒரு பரிசோதனையாவது பலித்தது என்று அறிக்கை கொடுத்தால் பட்டம் கிடைக்கும். இல்லாவிட்டால் பழைய மருந்தகம், பழைய நாற்காலி, பழைய ஊசி.

பரிசோதனை இதுதான். வெள்ளைக் கழிச்சல் வைரஸுக்குள் இருப்பது ஒரே ஓர் ஆர்.என்.ஏ. இழை. கோழியின் செல்லுக்குள் போனதும் அதை நகலெடுத்தாக வேண்டும். நகலெடுப்பது 'எல்' என்கிற பெரிய புரதம். அதைச் சோதனைக் குழாயில் வேலை செய்ய வைத்துவிட்டால், அதை நிறுத்தும் மருந்தையும் அதே குழாயில் தேடலாம்.

எல் வேலை செய்யவில்லை. நாலு மாதத்தில் ஆறு தடவை பார்த்தாயிற்று. ஒவ்வொரு தடவையும், நகல் உருவானால் எக்ஸ்ரே ஃபிலிமில் கறுப்புக் கோடு வரவேண்டிய இடம் வெள்ளை வெளேரென்று கிடந்தது.

'பி' என்கிற இன்னொரு புரதமும் கூட வேண்டும் என்பது தையல்நாயகிக்குத் தெரியும். மற்ற ஊர்களில் இரண்டையும் ஒரே செல்லுக்குள் ஒன்றாகவே உருவாக்குகிறார்கள் என்பதும் தெரியும். தனியாக எடுத்துக் காட்டினால்தான் பேர் என்பது அதைவிட நன்றாகத் தெரியும். அதனால் எல் புரதத்தைப் பூச்சி செல்களுக்குள் தனியே உருவாக்கி, தனியே சுத்தம் செய்து, கடைசியில் பி-யை ரசத்துக்குத் தாளிப்பது போல மேலே கொட்டிக்கொண்டிருந்தாள்.

பி-யைத் தயாரித்தது அடுத்த மேசை சுலைகா. பள்ளப்பட்டிப் பெண். நாலு வருஷமாக அந்த ஒரு புரதத்தோடு குடித்தனம் நடத்துபவள். போன மாதம் எல்லாரும் கூடியிருந்த கூட்டத்தில் தையல்நாயகி சொன்னாள்:

"எல் நகலெடுக்கும், நகலோட தலைக்குத் தொப்பி போடும், வால் ஒட்டும். சுலைகாவோட பி என்ன பண்ணும்? சும்மா ஒட்டிக்கிட்டு நிக்கும்!"

எல்லாரும் சிரித்தார்கள். சுலைகாவும் சிரித்தாள். அதற்குப் பிறகு தையல்நாயகியிடம் பேசவில்லை.

சனிக்கிழமை காலை தையல்நாயகி குருவின் குவார்ட்டர்ஸுக்குப் போனாள். ஜெசிந்தா மொட்டை மாடியில் இருந்தார். பக்கத்தில் வாளி நிறையக் கஞ்சி போட்ட பருத்திச் சேலைகள்.

"மேடம், ஒரு கேள்வி."

"கேளுங்க அக்கா." ஆய்வுக்கூடத்துக்குள் 'டாக்டர்', வெளியே 'அக்கா'. அது ஜெசிந்தாவின் கணக்கு.

"பூச்சி செல் ஒரே ஒரு பாட்டில்தான் மிச்சம். இன்னும் ஒரு தடவைக்குத்தான் வரும். எல் எவ்வளவு பெரிய புரதம், எவ்வளவு வேலை தெரிஞ்சது! அதுக்கு எதுக்கு மேடம் துணை?"

ஜெசிந்தா வாளியிலிருந்து ஒரு சேலையை எடுத்துப் பிழிந்து அவள் கையில் கொடுத்தார்.

"இதைக் கொடியில போடுங்க."

கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லும் நல்ல பழக்கம் எந்தக் குருவுக்கும் கிடையாது. தையல்நாயகி பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கினாள்.

கெட்டிக் கஞ்சி. மாடியில் காற்று வேறு. ஒரு தலைப்பைப் பிடித்தால் மறு தலைப்பு தரையைத் துடைத்தது. அதைத் தூக்கினால் நடுப்பகுதி தன்னோடு தானே ஒட்டிக்கொண்டது.

"மேடம், ஒரு நுனியைப் பிடிங்களேன்."

"மாட்டையே ஒத்தையாப் பிடிச்சவங்க நீங்க. சேலைக்கு ஆள் கேக்கறீங்களா?"

"மாடு சொன்ன பேச்சு கேக்கும்!"

ஜெசிந்தா சிரித்தார். எழுந்து வரவில்லை. காப்பி போட்டுக் கொண்டுவந்து அவளுக்கு ஒரு டம்ளர் கொடுத்தார். சேலை சுருண்டது சுருண்டபடியே கொடியில் தொங்கியது. நாமக்கல் வெயிலுக்கு அவசரம் அதிகம். குடித்து முடித்துக் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்ததில் சேலை அப்பளமாகிவிட்டது.

ஜெசிந்தா எழுந்து போய் ஒரு நுனியைப் பிடித்தார்.

"இப்ப நான் பிடிச்சுக்கறேன். இழுங்க."

இழுத்தார்கள். மொடமொடவென்று சத்தம் வந்ததே தவிர, சுருக்கம் ஒன்றுகூட அசையவில்லை.

"விடுங்க மேடம், கிழியப் போகுது. இப்ப வந்து பிடிச்சு என்ன பிரயோஜனம்? ஈரமா இருக்கும்போதே பிடிச்சிருக்கணும்."

"பிடிக்கறது ஒரு வேலையா அக்கா?"

தையல்நாயகி கையிலிருந்த நுனியை விட்டாள்.

தோற்றுப்போக மனமில்லாமல், "தண்ணி தெளிச்சு இஸ்திரி போட்டா நேராயிடும்" என்றாள்.

"சேலைக்கு இஸ்திரி இருக்கு" என்றார் ஜெசிந்தா. வாளியிலிருந்து அடுத்த சேலையை எடுத்து, ஒரு தலைப்பை அவளிடம் நீட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை சுலைகா செல்களுக்குத் தீனி மாற்ற வந்திருந்தாள். தையல்நாயகி அவள் மேசைக்கு முன்னால் போய் நின்றாள். நிற்பதே கஷ்டமாக இருந்தது.

"பி-யோட ஜீன் உங்கிட்ட தயாரா இருக்கா சுலைகா? செல்லுக்குள்ள அனுப்பற மாதிரி?"

"எதுக்கு டாக்டரக்கா? சும்மா ஒட்டிக்கிட்டு நிக்கறதெல்லாம் உங்களுக்கு எதுக்கு?"

"நான் சொன்னது தப்பு."

"எதை? பி-யைச் சொன்னதா, என்னைச் சொன்னதா?"

"ரெண்டும்தான்."

சுலைகா பிப்பெட்டைக் கீழே வைத்தாள். "எங்கம்மா ஃபோன் பண்றப்பல்லாம் கேப்பாங்க, 'உன் புரதம் அப்படி என்னதான்டி பண்ணுது?'ன்னு. நாலு வருஷமா சொல்லிப் பாக்கறேன், அவங்களுக்குப் புரியல. அவங்க படிக்காதவங்க, பரவால்ல. நீங்க கூட்டத்துல சிரிக்க வெச்சீங்களே!"

செத்த கோழிகளை அள்ளிக்கொண்டு அழுத எத்தனையோ பெண்களுக்கு ஆறுதல் சொன்ன வாய் தையல்நாயகியுடையது. இப்போது அது கேள்வி கேட்க வேண்டிய முறை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எனக்குச் சொல்லு. எனக்கும் புரியலேன்னு வெச்சுக்க. என்ன பண்ணுது?"

சுலைகா அவள் முகத்தைப் பார்த்தாள். கிண்டல் இல்லை என்று தெரிந்த பிறகுதான் பேசினாள்.

"எல் ரொம்ப நீளம். செல்லுக்குள்ள உருவாகறப்பவே ஒழுங்கா மடியணும். தனியா விட்டா கசங்கிப் போய் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கட்டி தட்டிடும். இல்லேன்னா செல்லே குப்பைன்னு நெனச்சுத் தின்னுடும். பி நாலு நாலாக் கட்டிப் பிடிச்சு நிக்கும். அது பக்கத்துல இருந்து பிடிச்சாத்தான் எல் உருப்படியா நிக்கும்."

"ம்."

"அதோட முடியல. ஆர்.என்.ஏ. இழை வெறுசா இருக்காது. மேல பூரா 'என்' புரதம் போர்வை மாதிரி மூடியிருக்கும். எல்லுக்கு அந்தப் போர்வையைப் பிடிக்கத் தெரியாது. பி ஒரு பக்கம் எல்-ஐப் பிடிச்சுக்கிட்டு, இன்னொரு பக்கம் போர்வையைத் தொட்டு, விட்டு, தொட்டு, விட்டு, கூடவே நகரும். உங்க எல் எவ்வளவு பெரிய மேதையா இருந்தாலும், கூட்டிட்டுப் போய் உட்கார வைக்கறது பி-தான் டாக்டரக்கா."

"இதெல்லாம் நானும் படிச்சிருக்கேன்" என்றாள் தையல்நாயகி மெதுவாக.

"தெரியும். நீங்க அடிக்கோடு போட்ட பேப்பரைத்தான் நான் வாங்கிப் படிச்சேன்."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. முதலில் நிறுத்தியது சுலைகா.

"ஆனா ஒண்ணு. ரெண்டும் ஒரே பாட்டில்ல, ஒரே நேரத்துல போகணும். காலைல உங்களது, சாயங்காலம் என்னோடதுங்கற பேச்சே கிடையாது."

அன்று மதியமே, மிச்சமிருந்த ஒரு பாட்டில் பூச்சி செல்லில் இரண்டு ஜீன்களும் சேர்ந்து போயின. புதன்கிழமை செல்களை உடைத்து எடுத்தார்கள். எல் இந்தத் தடவை தனியாக வரவில்லை. பி-யைப் பிடித்துக்கொண்டே வந்தது. வியாழக்கிழமை போர்வை போர்த்திய இழையோடு கலந்தார்கள். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு ஃபிலிம் கையில் வந்தது.

ஒரு கறுப்புக் கோடு. கீழே இன்னும் இரண்டு. தடிப்பாக ஒன்றும் இல்லை. அழுத கண்ணில் கலைந்த மை மாதிரி இருந்தது. ஆனால் கோடு.

"யா அல்லா" என்றாள் சுலைகா.

தையல்நாயகி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

மதியம் மூன்று மணிக்கு அவள் ஜெசிந்தாவின் அறைக்குப் போனாள். கையில் இரண்டு படிவங்கள். துறைக்கு ஐந்து மணிக்குள் போய்ச் சேர வேண்டிய நிறைவு அறிக்கை அது. இரண்டிலும் அச்சடித்த வாசகம் ஒன்றுதான்: 'இவ்வாய்வு முழுவதும் எனது தனி முயற்சி. பிறர் பங்கு எதுவும் இல்லை.'

ஒரு படிவம் சுத்தமாக இருந்தது. இன்னொன்றில் அந்த வாசகம் பேனாவால் அடிக்கப்பட்டு, பக்கவாட்டில் தையல்நாயகியின் கோழிக் கிறுக்கலில் எழுதியிருந்தது: 'பி புரதமும், இரண்டையும் சேர்த்து உருவாக்கிய வேலையில் பாதியும் சுலைகா பானுவுடையவை.'

"அடித்தல் திருத்தல் இருந்தா வாங்க மாட்டோம்னு கீழேயே போட்டிருக்கான் மேடம். திருப்பி அனுப்பினா மூணு வருஷமும் போச்சு. சுத்தமா ஒண்ணு இருக்கு. அதைக் கொடுத்தா பிரச்சனையே இல்ல." அவள் குரல் இறங்கியது. "சுலைகாகிட்ட கேட்டேன். 'உங்க பட்டம் போயிடக் கூடாது, சுத்தமானதையே கொடுங்க டாக்டரக்கா'ன்னுட்டா. அதான் ரொம்ப எரிச்சலா இருக்கு."

ஜெசிந்தா இரண்டையும் படித்தார். பேனாவை எடுத்தார். அடித்துத் திருத்திய படிவத்தை இழுத்து, அடியில் வழிகாட்டி என்று போட்டிருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

தையல்நாயகி பதறினாள். "என்ன மேடம் இது? நானே இன்னும் போடலியே. நான் போட்டப்புறம்தானே நீங்க போடணும்?"

"அந்தச் சுத்தமான படிவத்துக்கு அப்படித்தான் அக்கா. இதை ஈரமா இருக்கும்போதே பிடிக்கணும்" என்றார் ஜெசிந்தா, பேனாவை அவள் பக்கம் நீட்டியபடி. "அதுல நீங்க போட்டப்புறமும் நான் யோசிச்சிருப்பேன்."