ஒரே உதையில் பழனி

நூற்பாலையில் நடந்தே வேலை பார்த்தால் சாயங்காலத்துக்குள் கால் நம்முடையதா அடுத்தவருடையதா என்று தெரியாமல் போய்விடும். அதனால் உடுமலை ரோட்டில் இருந்த அந்த மில்லில் ஸ்பின்னிங் பெண்களுக்கு ஆளுக்கொரு ஸ்கூட்டர் கொடுத்திருந்தார்கள். எஞ்சின், பெட்ரோல் ஒன்றும் கிடையாது. பலகையில் ஒரு காலை வைத்து மறுகாலால் தரையை உந்தினால் போகும். எந்த மிஷினில் இழை அறுந்தாலும் அங்கே ஒரு உந்து.

வசந்தாமணியின் ஸ்கூட்டரில் முன்சக்கரம் தேய்ந்து ஒரு பக்கம் சப்பையாகிவிட்டது. மற்ற நாளாக இருந்தால் எப்படியோ ஓட்டிச் சமாளித்திருப்பாள். ஆனால் மறுநாள் பந்தயம். ஆயுத பூஜைக்காக மிஷின்களை நிறுத்தித் துடைத்து முடித்ததும் இரண்டு ஷிப்டுக்காரர்களுக்கும் இடையே ஸ்கூட்டர் பந்தயம் வைப்பது அங்கே வழக்கம். தோற்ற ஷிப்ட் தீபாவளிக்கு முந்தின ராத்திரி வேலைக்கு வரவேண்டும். போன வருஷம் தன் ஷிப்டுக்காக அவள்தான் ஓட்டித் தோற்றாள். தீபாவளி விடியலில் அவள் மகள் அடுத்த வீட்டில் போய்த் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டாள். இந்த வருஷம் அந்த எண்ணெயைத் தன் கையால்தான் வைப்பது என்று வசந்தாமணி முடிவு செய்திருந்தாள்.

புதுச் சக்கரம் இரண்டே இரண்டுதான் மிச்சம். இரண்டும் ஃபிட்டர் நாச்சிமுத்துவின் பையில் இருந்தன. நாச்சிமுத்து கெட்டவர் இல்லை. ஆனால் அவரிடம் ஒரு சாமான் வாங்க வேண்டுமென்றால் அவர் வாயைத் தாண்டித்தான் கைக்குப் போக முடியும். டீ இடைவேளையில் கேன்டீன் பெஞ்சில் அவருக்கு எதிரே போய் உட்கார்ந்தாள். சங்கு ஊதுவதற்குள் காரியம் முடிய வேண்டும்.

"சக்கரம்னா கையில கெடச்சதை மாட்டறதில்ல அம்மிணி," என்று ஆரம்பித்தார். "உள்ள மிஷினுகளுக்கு நடுவுல வழவழன்னு தரை. அங்க சின்னதா, கெட்டியா இருந்தாப் போதும். பந்தயம் வெளிய வாசல்ல. காரை பேந்த தரை. அதுக்குப் பெருசா, கொஞ்சம் மெத்துனு இருக்கோணும். நீ எண்ணெய் வேற விட்டிருப்பியே?"

"கொஞ்சமா விட்டனுங்கண்ணா."

"அதான் பஞ்சு பூராவும் வந்து ஒட்டிக்குது. அச்சுல சுத்துன பஞ்சை வாரா வாரம் இழுத்து எடுக்கோணும். முன்சக்கரத்தைப் பின்னால, பின்சக்கரத்தை முன்னால மாத்திப் போடோணும். அப்பத்தான் ஒண்ணுபோலத் தேயும்."

இதுவரை சொன்னது அத்தனையும் உண்மை. இரண்டாவது வாய் டீ உள்ளே போனதும் ஆள் மாறிவிட்டார்.

"நான் மாட்டுன சக்கரம் ஒண்ணு. போகியன்னைக்குச் சரியாச் சுத்துதான்னு ஒரு தட்டுத் தட்டிட்டு ஊருக்குப் போயிட்டேன். பொங்கல் முடிஞ்சு வந்து பாத்தா இன்னும் சுத்திக்கிட்டிருக்குது. அந்தக் காத்துக்கு முன்னால ரெண்டு பூனை படுத்துத் தூங்குது."

நூல் சுற்றும் ஒயிண்டிங் பிரிவு கனகராசு பக்கத்து பெஞ்சிலிருந்து திரும்பினான். நாச்சிமுத்து பேச்செடுத்தால் அவனுக்குப் பொறுக்காது. "பூனைக்குச் சளி புடிக்கலீங்களா?"

"ஒண்ணுக்குப் புடிச்சுது. நாந்தான் கசாயம் வெச்சுக் குடுத்தேன்," என்றார் நாச்சிமுத்து, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். "பஞ்சைப் பத்திச் சொன்னனே, ஒருத்தி மூணு வருசமா எடுக்காம வெச்சிருந்தா. நுனியப் புடிச்சு இழுத்தேன். வந்துக்கிட்டே இருக்குது. நாலு மெத்தை தெச்சு மேனேஜர் ஊட்டுக்கு அனுப்பியாச்சு. மிச்சத்தை நூத்து, மில்லுல இருக்கிற ஆம்பளைக அத்தனை பேருக்கும் வேட்டி."

"உள்ளங்கை அகலச் சக்கரத்துல இருந்துங்களா?"

"அது முன்சக்கரம். பின்சக்கரத்துல இன்னும் இழுத்து முடியல."

பெஞ்சே சிரித்தது. வசந்தாமணியும் சிரித்தாள், ஆனால் கண் கேன்டீன் கடிகாரத்தில் இருந்தது. "அண்ணா, அந்த ரெண்டு சக்கரம்..." என்று மெல்ல இழுத்தாள். அவர் கையமர்த்தினார்.

"மெத்துனு இருக்கோணும்னு சொன்னேன்ல. எவ்வளவு மெத்துனுன்னு தெரிய வேண்டாமா? தூங்கற சூப்பர்வைசர் கால் மேல ஏத்தி எறக்கிப் பாப்பேன். முழிச்சுட்டார்னா அந்தச் சக்கரம் ஆகாது. முழிக்காம இன்னொரு காலையும் நீட்டுனார்னா அதை எடுத்து வெச்சுக்குவேன். அப்படி எடுத்து வெச்ச சக்கரம்தான் பழனிக்குப் போனது."

"பழனிக்கா?" என்றான் கனகராசு.

"ஒரே உதை. மில் கேட்டுல நின்னு இந்த வலது கால்ல ஒரு உதை உதைச்சேன். அப்புறம் கால் கீழ படவே இல்ல. போன தைப்பூசத்தன்னைக்குத்தான்ப்பா. வழியில பஸ்ஸைத் தாண்டுனேன். கண்டக்டர் எட்டிப் பாத்து டிக்கெட் கேட்டார். அடிவாரத்துல நிக்கும்னு பாத்தா, படி மேல ஏறுது. சத்தமே இல்ல. சாமி கும்புட்டு எறங்குனா, அப்பவும் நிக்கல. மலையைச் சுத்துது. சுத்துது, சுத்திக்கிட்டே இருக்குது."

"அப்ப இன்னும் அங்கதான் சுத்திக்கிட்டிருக்கீங்களா? இங்க டீ குடிக்கிறது யாருங்க?" என்றான் கனகராசு. "சும்மா சொன்னேன்னு சொல்லிருங்கண்ணா, மன்னிச்சு விட்டர்றோம்."

"அண்ணன் சொல்றது நெசம்," என்றாள் வசந்தாமணி.

எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள். நாச்சிமுத்துவும்தான். அவரை நம்பி ஒருத்தர் சாட்சி சொன்னது அந்த மில் கட்டின நாளிலிருந்து இதுதான் முதல் தடவை.

"அன்னைக்கு நானும் பூசத்துக்கு நடந்து போயிருந்தனுங்க. அண்ணன் நிறுத்த முடியாம மலையைச் சுத்தி வந்தாங்க. தோள்ல கெடந்த துண்டைப் புடிச்சு இழுத்து நிறுத்துனதே நாந்தான். அண்ணனுக்குக் கண்ணு கலங்கிருச்சு. சந்நிதியைப் பாத்துக் கும்புட்டு, 'இந்த உதவிக்கு ஆயுத பூஜைப் பந்தயத்துக்கு ரெண்டு புதுச் சக்கரம் உனக்குத்தான் அம்மிணி'ன்னு சொன்னாங்க. மறந்துட்டீங்களாண்ணா?"

நாச்சிமுத்து டீக் கிளாஸைக் கீழே வைத்தார். இல்லை என்று சொன்னால் பழனி போய்விடும். பழனி போனால் பின்னாலேயே வேட்டியும் பூனையும் போய்விடும். 'சும்மா சொன்னேன்' என்ற வார்த்தையை அவர் பிறந்ததிலிருந்து சொன்னதில்லை, கனகராசு முன்னால் சொல்வதைவிட மில்லை விட்டு நின்றுவிடலாம். பையைத் திறந்து இரண்டு சக்கரத்தையும் எடுத்து பெஞ்சின் மேல் வைத்தார். வசந்தாமணி அவற்றை மடியில் எடுத்து வைத்துக்கொண்ட பிறகுதான் மூச்சுவிட்டாள்.

"சொன்னேன், சொன்னேன்," என்றார் அவர், தோற்ற மாதிரியே காட்டிக்கொள்ளாமல். "நீயும் அங்க ஒண்ணு சொன்னியே. பந்தயத்துல ஜெயிச்சா மொட்டை போடறதா வேண்டிக்கிட்டியே. சாமி காரியம் பாரு, எனக்கு மறக்காது."

கனகராசு தொடையைத் தட்டிச் சிரித்தான். வசந்தாமணியின் பின்னல் இடுப்புக்குக் கீழே தொங்கும். அவள் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"வேண்டுனது நெசந்தானுங்க. ஆனா எந்தப் பொம்பளைங்கண்ணா தன் தலைக்கு வேண்டிக்கிறா? ஊட்டுக்காரர் தலைக்கு, கொழந்தை தலைக்குத்தான வேண்டுவோம். நான் உங்க தலைக்கு வேண்டிக்கிட்டேன். நீங்களும் ஆகட்டும்னு தலையாட்டுனீங்க."

நாச்சிமுத்துவின் கை தானாக எழுந்து தலைமுடியைத் தடவியது. ஷிப்டுக்குள்ளேயே பலமுறை சீவி, நெற்றியில் ஒரு சுருள் விட்டு வைத்திருப்பவர் அவர். சங்கு ஊதியது. யாரும் எழுந்திருக்கவில்லை, அவர் என்ன சொல்லப்போகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அவர் எழுந்தார். நெற்றிச் சுருளை ஒரு கையால் பொத்திக்கொண்டு, வசந்தாமணிக்கு மட்டும் கேட்கும்படி குனிந்து சொன்னார்.

"நாளைக்குத் தரை வழுக்கும் அம்மிணி. பாத்து, மெதுவாப் போ."