துடைப்பக்காரியின் போன பிறவி

நாகப்பட்டினத்துப் புத்த விகாரத்தைப் பெருக்குகிறவள் சாத்தி. புருஷனையும் பிள்ளைகளையும் கடல் கொண்டுபோன பிறகு, மதிலோரத்துக் குடிசை ஒன்றுதான் அவளுக்கு மிச்சம். அந்த இடத்தில் தன் பெயரில் தான மண்டபம் கட்ட ஆசைப்பட்டான் கப்பல் வணிகன் கந்தநந்தி. ஒருநாள் குடிசை வாசலில் வந்து நின்றான்.

“போன பிறவிப் பாவம், இப்படி நாதியற்றுக் கிடக்கிறாய். அது என்ன பாவமென்று சொல்லிவிடு, குடிசை உனக்கே!” என்று பிக்குகள் காதில் விழும்படி சிரித்தான்.

சாத்தி துடைப்பத்தைச் சாய்த்து வைத்தாள். “கப்பல் வைத்திருந்தேன் ஐயா. மண்டபம் கட்டுவதற்காக, நாதியற்ற ஒருத்தியின் குடிசையைப் பிடுங்கினேன்.”

“அதற்கு என்ன சாட்சி?”

“இதைப் பிடுங்கிப் பாருங்கள் ஐயா. அடுத்த பிறவியில் துடைப்பமும் கையுமாக நிற்கும்போது நீங்களே சாட்சி.”

பிக்குகள் சிரித்துவிட்டார்கள். கந்தநந்தி வந்த வழியே போனான்.

காலையில் பிக்குவுக்கு இட்ட பிடி சோற்றின் புண்ணியத்தை, சாயங்காலம் நீர் வார்த்துத் தன் செத்தவர்களுக்குப் பங்கிடுவது சாத்தியின் வழக்கம். அன்றைக்குக் கந்தநந்திக்கும் ஒரு பங்கு வைத்தாள். ஏன் என்று கேட்க ஆளில்லை. துடைப்பத்திடம்தான் சொன்னாள்:

“இத்தனை வருஷத்தில் என் வாசலுக்கு வந்து பேசின ஆள் அவர் ஒருத்தர்தானே.”