நூற்றைத் தாண்டினால் ஆடும் ஸ்டியரிங்

பல்லடம் ரோட்டு மில் முதலாளி தெய்வசிகாமணி ஆயுதபூஜைக்கு மறுநாள் தன் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரில் ஏறினார். ஓட்டியது டிரைவர் நாச்சிமுத்து. பைபாஸில் நூற்றைத் தாண்டியதும் ஸ்டியரிங் கிடுகிடுவென ஆடியது.

மில் வாசலில் இறங்கியதும் முதலாளி ஆட்கள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கத்தினார். "குடிச்சுப்போட்டு வந்து கை நடுங்குதா? உன் வேலை போச்சு!"

நாச்சிமுத்து குடித்ததே இல்லை.

"எண்பதுல ஆடலைங்களே மொதலாளி. குடிகாரன் கை மீட்டரைப் பாத்துத்தானா நடுங்கும்? கோளாறு வண்டியிலதானுங்க."

"அப்படின்னா ஒரு போல்ட்டைக்கூடக் கழட்டாம இங்கயே கண்டுபிடி. தப்பு யார் மேலயோ, அவன் இனி இந்தக் கார் சாவியைத் தொடக் கூடாது!"

நாச்சிமுத்து குனிந்து முன்சக்கரத்துக்குள் எட்டிப் பார்த்தான். ரிம்மின் உள்பக்கம் பசை காய்ந்த தடம் மட்டும் தெரிந்தது. எழுந்து பணிவாகக் கேட்டான்.

"பூஜைக்கு இதைக் கண்ணாடியாட்டம் தொடைச்ச புண்ணியவான் யாருங்க?"

முதலாளி நெஞ்சை நிமிர்த்தினார். "நானேதான்! உள்ளே அசிங்கமா ஒட்டியிருந்த ஈயத் துண்டுகளைக்கூடச் சுரண்டி எடுத்துட்டேன்."

"அதுகதானுங்க சக்கரத்தைச் சமமாச் சுத்த வைக்கிறது. இல்லைன்னா வேகத்துல ஆடும்."

யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள்.

டயர் கடையில் எடை பார்த்துப் புது ஈயம் ஒட்டினார்கள். திரும்புகையில் நூற்றிருபதிலும் ஸ்டியரிங் அசையவில்லை. மில் வாசலில் முதலாளி வழக்கம்போலச் சாவிக்குக் கையை நீட்டினார்.

நாச்சிமுத்து அதைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"நீங்க சொன்ன தீர்ப்புங்க, மொதலாளி."