இரண்டு போர்வைகளைத் தாண்டி

கோயம்புத்தூரில் ஜெசிந்தா என்றொரு தையல் ஆசிரியை இருந்தார். நாற்பது வயதுகூட ஆகவில்லை. அவரிடம் கற்றுக்கொள்ள வந்தவர்களில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள். எல்லோரும் அவரை டீச்சர் என்றார்கள். அவர் எல்லோரையும் அக்கா என்றார்.

அவர் சொல்லிக்கொடுத்தது ஒட்டுப்போர்வை. துண்டுத் துணிகளை இணைத்து மேல்பக்கம். அடியில் ஒரு முழுத்துணி. நடுவே பஞ்சு. மூன்றையும் சேர்த்துக் கையால் நெருக்கமாகத் தைக்க வேண்டும். ஒரு போர்வை முடிய மாதங்கள் ஆகும். சிலருக்கு வருஷங்கள்.

மாணவிகளில் ஒருவர் திலகேஸ்வரி. தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராகச் சேர்ந்து, சூப்பர்வைசராக ஓய்வு பெற்றவர். கணவர் காலமாகிவிட்டார். மகள் மஸ்கட்டில் இருந்தாள். வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல்தான் வகுப்பில் சேர்ந்தார்.

முதல் நாளே சொல்லிவிட்டார். "எனக்கு ஊசியில நூல் கோக்கக்கூட வராதுங்க, டீச்சர்."

ஜெசிந்தா நூல் கோத்துக் கொடுத்தார். மறுநாளும் கோத்துக் கொடுத்தார். அப்படியே பல வாரங்கள் போயின. எந்த நாளில் டீச்சர் அதை நிறுத்தினார், எந்த நாளில் தானே கோக்க ஆரம்பித்தோம் என்பது திலகேஸ்வரிக்குத் தெரியவில்லை.

அவர் ஒரு போர்வையை ஆரம்பித்தார். அடர்ந்த நீலத்தில் சிறு சிறு சதுரங்கள் பதித்தார். சில மஞ்சள், சில சிவப்பு, பெரும்பாலானவை வெறும் நீலம். இளம் வயதில் அவர் முன்னால் இருந்த டெலிபோன் பலகையில் யாராவது கூப்பிட்டால் இப்படித்தான் ஒரு விளக்கு எரியும். ஊரில் யாருக்கோ யாரிடமோ பேச வேண்டியிருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பலகையைத்தான் அவர் தைத்தார். யாரிடமும் சொல்லவில்லை.

அந்த வருஷம் அவிநாசி சாலையில் ஒரு மண்டபத்தில் ஒட்டுப்போர்வைக் கண்காட்சி நடந்தது. பல ஊர்களிலிருந்து போர்வைகள் வந்தன. ஜெசிந்தாவும் ஒன்று அனுப்பினார். வெள்ளைத் துணியில் வெள்ளை நூல். பக்கத்தில் போய் நின்றால்தான் தையல் தெரியும். அது மண்டபத்தின் கடைசி மூலையில் தொங்கியது. யாரும் பக்கத்தில் போய் நிற்கவில்லை.

முதல் பரிசு திலகேஸ்வரியின் நீலப் போர்வைக்குக் கிடைத்தது.

அறிவிப்பு வந்ததும் திலகேஸ்வரி டீச்சரைத் தேடினார். டீச்சர் அந்த நீலப் போர்வைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"டீச்சர், உங்களோடதுக்குத் தந்திருக்கணுங்க."

"என்னோடதைப் பார்த்துட்டீங்களா, அக்கா?"

"ஊர்ப்பட்ட தடவை பார்த்துட்டேன்."

"அது போதும்," என்றார் ஜெசிந்தா.

பரிசு பெற்ற மூன்று போர்வைகளையும் வாசலை ஒட்டிய சுவரில் வரிசையாகத் தொங்கவிட்டார்கள். மறுநாள் மாலை பரிசளிப்பு. அதன் பிறகு முதல் பரிசுப் போர்வை தில்லியில் நடக்கும் பெரிய கண்காட்சிக்குப் போகும். திலகேஸ்வரி மகளுக்குப் போன் செய்து சொன்னார். மகள் அழுதாள். அம்மா எதற்காகவும் பெருமைப்பட்டு அவள் கேட்டதில்லை.

வாசல் தாழ்வாரத்தில் ஒரு பணியாரக் கடை போட்டிருந்தார்கள். செண்பகம் என்ற பெண்ணும் அவள் கணவனும் நடத்தினார்கள். மறுநாள் காலை கூட்டம் வரும் நேரம். கணவன் தண்ணீர் கேன் எடுக்கப் போயிருந்தான். செண்பகம் யாருக்கோ சில்லறை கொடுக்கத் திரும்பினாள். நைலான் புடவையின் முந்தானை கேஸ் அடுப்பில் விழுந்தது.

அவள் கத்திக்கொண்டு மண்டபத்துக்குள் ஓடிவந்தாள். ஓட ஓட நெருப்பு ஏறியது.

மக்கள் விலகினார்கள். யாரோ தண்ணீர் தண்ணீர் என்று கூவினார்கள். வாசலில் அவளுக்குக் கையெட்டும் தூரத்தில் மூன்றாம் பரிசுப் போர்வை தொங்கியது. அடுத்தது இரண்டாம் பரிசு. உள்ளே இருந்து ஓடிவந்த ஜெசிந்தா அவளையும் தாண்டிப் போய், அந்த இரண்டையும் தொடாமல், கடைசியில் தொங்கிய நீலப் போர்வையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். கம்பியும் சேர்ந்து விழுந்தது. திரும்பி ஓடிவந்து செண்பகத்தைப் போர்வையோடு அணைத்துத் தரையில் தள்ளி, அவள்மேல் விழுந்து புரண்டார்.

நெருப்பு அணைந்தது. பிறகுதான் வாளித் தண்ணீர் வந்தது. ஆம்புலன்ஸ் வந்தது. செண்பகத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். உள்ளங்கைகள் வெந்துபோன ஜெசிந்தாவும் கூடவே ஏறினார்.

திலகேஸ்வரி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் நின்றிருந்தார். தரையில் கிடந்த போர்வையின் நடுவில் கருகி ஓட்டை விழுந்திருந்தது. அதைச் சுற்றி நைலான் உருகி ஒட்டியிருந்தது.

கண்காட்சியை நடத்திய பிரபாவதி அவருக்கு ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். கொஞ்ச நேரம் கழித்துக் குனிந்து மெதுவாகப் பேசினார்.

"ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. மூணாம் பரிசுதான் அந்தப் பொண்ணுக்குப் பக்கத்துல தொங்குச்சு. அதை விட்டுட்டு ஏன் அவ்வளவு தூரம் ஓடி உங்களோடதை இழுக்கணும்?"

திலகேஸ்வரி குனிந்து போர்வையின் ஓரத்தை மடித்தார்.

"டீச்சரோடதுக்குப் பரிசு வரல பாருங்க. நான் எதுவும் சொல்லல."

மாலையில் பரிசளிப்பு நடந்தது. திலகேஸ்வரிக்குக் கோப்பை கொடுத்தார்கள். கைதட்டினார்கள். தில்லிக்கு இரண்டாம் பரிசுப் போர்வை போகும் என்று அறிவித்தார்கள். வேறு வழியில்லை, எரிந்த போர்வையை அனுப்ப முடியாது. திலகேஸ்வரி தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்து கோப்பையை மேசைமேல் வைத்தார். பிரபாவதி சொன்னதைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். அது போய்ப் போய்த் திரும்பி வந்தது. நூல் கோத்துக் கொடுத்த கை இப்படிச் செய்யுமா என்று கேட்டுக்கொண்டார். ஆனால் இரண்டு போர்வைகளைத் தாண்டி ஓடியதை அவர் கண்ணால் பார்த்திருந்தார்.

விடிந்ததும் மருத்துவமனைக்குப் போனார். டீச்சர் முந்தின நாளே கைக்கட்டோடு வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். செண்பகம் வார்டில் இருந்தாள். இடது கையிலும் விலாவிலும் காயம். முகம் தப்பித்திருந்தது.

அவளுடைய கணவன் எழுந்து நின்று கும்பிட்டான். "உங்க போர்வைதானுங்களாக்கா?"

"ஆமா."

"உங்க கால்ல விழணுங்க நானு."

"நான் ஒண்ணும் பண்ணலைங்க. மரம் மாதிரி நின்னுட்டு இருந்தேன்."

செண்பகம் கண்ணைத் திறந்தாள். "அத்தனை அழகா இருந்துச்சே. காலையில கடை போடுறப்போ அதைத்தான் பாத்துட்டு நின்னேன். பட்டணத்துல ஒவ்வொரு வீடா லைட்டு போட்ட மாதிரி இருந்துச்சு. என்னால போச்சேக்கா."

"போனா போகுது, கண்ணு. நீ இருக்கியே."

சொன்ன பிறகுதான் அது நிஜம் என்று திலகேஸ்வரிக்குத் தெரிந்தது.

கட்டு மாற்ற ஒரு நர்ஸ் வந்தார். "எதைப் போட்டு அணைச்சீங்க?"

"ஒட்டுப்போர்வைங்க," என்றார் திலகேஸ்வரி.

"உள்ள என்ன பஞ்சு?"

"பருத்தி."

"நல்லவேளை. நைலான் புடவை உருகி ஒட்டினதுக்கே இந்தப் பாடு. இப்பல்லாம் போர்வைக்குள்ள பாலியஸ்டர் பஞ்சு வெச்சுடறாங்க. அதைப் போட்டிருந்தா அதுவும் சேர்ந்து உருகியிருக்கும். பொண்ணு பிழைச்சிருக்கிறது கஷ்டம்."

கட்டு மாற்றி முடியும்வரைகூடத் திலகேஸ்வரி நிற்கவில்லை.

அங்கிருந்து நேராக ஜெசிந்தாவின் வீட்டுக்குப் போனார். கதவு திறந்திருந்தது. டீச்சர் இரண்டு கையிலும் வெள்ளைக் கட்டோடு நாற்காலியில் இருந்தார். மேசைமேல் காபி ஆறிக்கொண்டிருந்தது. தூக்கிக் குடிக்க முடியவில்லை.

திலகேஸ்வரி பக்கத்தில் உட்கார்ந்து டம்ளரை எடுத்து அவர் வாயருகே பிடித்தார். ஜெசிந்தா பாதி குடித்தார்.

"செண்பகம் எப்படி இருக்கு?"

"பேசறா. முகத்துக்கு ஒண்ணும் இல்ல."

"கர்த்தருக்கு நன்றி." ஜெசிந்தா கண்ணை மூடித் திறந்தார். "உங்க போர்வை போச்சு, அக்கா. உங்களை ஒரு வார்த்தை கேட்கக்கூட இல்ல."

"அதை விடுங்க. நான் ஒண்ணு சொல்லணும். நேத்து ராத்திரி உங்களைத் தப்பா நினைச்சேன்."

"என்னன்னு?"

"பரிசு எனக்கு வந்தது உங்களுக்குப் பொறுக்கலைன்னு."

ஜெசிந்தா சிரித்தார். கோபமில்லாத சிரிப்பு. "இன்னும் கொஞ்சம் காபி கொடுங்க."

திலகேஸ்வரி கொடுத்தார். மேல் உதட்டில் ஒட்டிய நுரையைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டார்.

"ஏன் டீச்சர் அந்த ரெண்டையும் தாண்டிப் போனீங்க?"

"அதுக்குள்ள என்ன பஞ்சு இருக்குன்னு எனக்குத் தெரியாது. பருத்தியா இருக்கலாம். உருகுறதா இருக்கலாம். மேல இருந்து பார்த்தா எல்லாம் ஒண்ணுதான்."

"என்னோடது பருத்தின்னு தெரியுமா?"

"தெரியும்."

"எப்படிங்க தெரியும்? பஞ்சை நான் வீட்டுல வெச்சுதான் அடுக்கினேன். உங்ககிட்ட வர்றப்போ நாலு பக்கமும் மூடித் தைச்சாச்சு. என்ன பஞ்சு வாங்கினேன்னு நீங்க கேட்கல. நானும் சொல்லல."

"ஆமா."

"கடைக்காரர் முதல்ல பாலியஸ்டரைத்தான் எடுத்துப் போட்டார். இதுதான் புசுபுசுன்னு நிக்கும், பரிசு கொடுக்கறவங்களுக்கு இதுதான் பிடிக்கும், உள்ள இருக்கறது யாருக்குத் தெரியப்போகுதுன்னார். நான் கையில வாங்கித் தடவிக்கூடப் பார்த்தேன்."

"அப்புறம்?"

"யாராவது போர்த்திப் படுத்தா வேர்க்குமேன்னு தோணுச்சு. திருப்பிக் கொடுத்துட்டேன்."

ஜெசிந்தா தலையாட்டினார்.

திலகேஸ்வரி டம்ளரை மேசைமேல் வைத்தார். "ஒரு உசிரு, டீச்சர். என் போர்வையை நம்பி ஒரு உசிரைச் சுத்தியிருக்கீங்க. உள்ள இருக்கிற பஞ்சை நீங்க கண்ணால பார்க்கக்கூட இல்ல."

"பஞ்சைப் பார்க்கல," என்றார் ஜெசிந்தா. "உங்களைப் பார்த்திருக்கேனே, அக்கா."