தணிகாசலத்தின் அசல் நட்டு

தணிகாசலத்தின் தாத்தா காலத்துச் சைக்கிளில் பின்சக்கர நட்டு ஒன்று தொலைந்துவிட்டது. மறுபக்கம் மிச்சமிருந்த அதன் ஜோடி நட்டைக் கழற்றி, பழைய இரும்புக்கடை மரகதவல்லியிடம் மாதிரிக்குக் கொடுத்தார். கடை இருந்த இடம் அவருடையது.

"அசல் நட்டுதான் வேணும். இல்லேன்னா கடையைக் காலி பண்ணு!"

இரும்பைக் கிளறிக் கிளறி அவள் விரலெல்லாம் ரத்தம். எடுத்துக் கொடுத்ததையெல்லாம், "போலி!" என்று சாக்கடையில் வீசினார். தெருவே வேடிக்கை பார்த்தது.

மரகதவல்லிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்னொன்றைத் துடைத்து நீட்டினாள்.

"இதுவும் போலி!" அதுவும் சாக்கடைக்குள் போனது.

"அது நீங்க மாதிரிக்குக் குடுத்த நட்டுய்யா," என்றாள். "வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு இறங்குங்க. ஒவ்வொண்ணா எடுத்துக் காட்டுங்க. அசலா போலியான்னு நான் சொல்றேன்."