தேவையில்லாதது ஒன்றும் இல்லாத சமையலறை

நெட்டூரணி ஆட்களை முட்டாள்கள் என்று யாரும் முகத்துக்கு நேரே சொல்வதில்லை. சொன்னால் அவர்கள் கோபப்பட மாட்டார்கள். உட்கார்ந்து, அது சரிதானா என்று ஆற அமர யோசிக்க ஆரம்பித்துவிடுவார்கள். சொன்னவருக்கு அன்றைய பொழுது போச்சு.

அந்த ஊரில் அழகுமலை என்று ஒருவன். அவனுக்குக் கைக்கடக்கமாக ஒரு வீடு, அதற்குள் இன்னும் கைக்கடக்கமாக ஒரு சமையலறை. சித்திரை வெயிலில் அதற்குள் நின்று தோசை சுட்ட அவன் மனைவி வடிவு ஒருநாள் மயங்கி விழுந்துவிட்டாள். தண்ணீர் தெளித்து அவளை எழுப்புவதற்குள் அழகுமலைக்கு உயிர் போய் உயிர் வந்தது. அவள்மேல் அவனுக்கு அவ்வளவு பிரியம்.

எழுந்து உட்கார்ந்ததும் வடிவு தீர்மானமாகச் சொன்னாள்.

“நான் தங்கச்சி வீட்டுக் காதுகுத்துக்குப் போறேன். திரும்பி வரும்போது மொட்டை மாடியில எனக்குச் சமையக்கட்டு இருக்கணும். காத்தாட நின்னு சமைக்கணும். என் இடுப்பு உசரத்துக்கு ஒரு மேடை, அதுமேல ஒரு அடுப்பு, அவ்வளவுதான். தேவையில்லாதது ஒண்ணும் இருக்கக் கூடாது. இல்லேன்னா நான் தங்கச்சி வீட்டோடயே இருந்துக்கிருவேன், பாத்துக்கங்க.”

வடிவு சொன்னால் செய்கிறவள். அவளை பஸ் ஏற்றிவிட்டு அழகுமலை நேராகச் சித்தப்பா சீனிச்சாமியிடம் ஓடினான். ஊரில் எந்த விஷயத்தையும் ஆழமாக யோசிக்கிறவர் அவர்தான். யோசித்து முடித்தாரா என்றெல்லாம் கேட்கக் கூடாது. கூடவே கொத்தனார் ஒச்சப்பனும், ஒச்சப்பன் எங்கே போனாலும் பின்னாலேயே போகும் பாலகுருவும் வந்தார்கள்.

நால்வரும் மாடியில் நின்று சுற்றிப் பார்த்தார்கள்.

“தேவையில்லாதது ஒண்ணும் இருக்கக் கூடாதுன்னுதானே சொல்லுச்சு?” என்றார் சீனிச்சாமி. “அப்ப மொதல்ல அதையெல்லாம் எடுப்போம். அந்தா பெருசா நிக்குதே, அது என்ன?”

“தண்ணித் தொட்டி சித்தப்பா.”

“அதுல சோறு பொங்க முடியுமா?”

“முடியாது.”

“அப்ப சமையக்கட்டுல அதுக்கு என்ன சோலி?”

தொட்டியைக் கீழே இறக்கினார்கள். அதற்கு முன்பே அதிலிருந்த தண்ணீர் படிக்கட்டு வழியாக இறங்கிப் போய்விட்டது. குழாயில் தண்ணீர் வராததை அழகுமலை மறுநாள்தான் கவனித்தான். குழாயும் தேவையில்லாததுதான் போலிருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டான்.

அடுத்து மேடை. வடிவின் இடுப்பு உயரம் எவ்வளவு என்று யாருக்கும் தெரியவில்லை.

“போன் போட்டுக் கேட்டா என்ன?” என்றான் பாலகுரு.

சீனிச்சாமி அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். “போன்ல குரல்தான்டா வரும். இடுப்பா வரும்?”

பாலகுரு வெட்கப்பட்டுப் போனான். கடைசியில் அழகுமலைக்கே யோசனை வந்தது. கீழே கூடத்தில் மாட்டியிருந்த கல்யாணப் போட்டோவைக் கழற்றிக்கொண்டு வந்தான். ஒச்சப்பன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, வடிவின் பாதத்திலிருந்து இடுப்புவரை கையை வைத்து அளந்தான். சரியாக நாலு விரற்கடை இருந்தது.

நாலு விரற்கடை உயரத்தில் மேடை எழும்பியது. ஒச்சப்பன் நல்ல வேலைக்காரன். பூசி மெழுகி, தண்ணீர் தெளித்து, கண்ணாடி மாதிரி செய்துவிட்டான்.

“கொஞ்சம் தாழ்வா இருக்கிற மாதிரி தெரியலை?” என்று இழுத்தான் அழகுமலை. அவனுக்கு உள்ளூர பயம்.

“தாழ்வாத்தான் இருக்கும்,” என்றார் சீனிச்சாமி. “போட்டோ எடுத்தது கல்யாணத்தப்ப. அதுக்கப்புறம் அந்தப் புள்ள உன் வீட்டுல நல்லாத் தின்னு வளந்திருக்காதா?”

ஒச்சப்பன் இன்னும் ஒரு விரற்கடை ஏற்றிக் கட்டினான். சித்தப்பா இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று அழகுமலைக்குக் கண் கலங்கியது.

வடிவு திரும்பி வரும் நாளும் வந்தது. காலையில் மண்ணெண்ணெய் அடுப்பை மேடையில் வைத்துப் பற்றவைத்துப் பார்த்தார்கள். மேற்கேயிருந்து வீசிய காற்றில் பொசுக்கென்று அணைந்தது. ஒரு தீப்பெட்டி காலியானதுதான் மிச்சம்.

அழகுமலை அழவே ஆரம்பித்துவிட்டான். “சித்தப்பா, அடுப்பு எரியலேன்னா அவ தங்கச்சி வீட்டுக்கே போயிருவா. அவ இல்லாத வீட்டுல நான் என்ன செய்வேன்?”

“அழாதடா. மேக்கால ஒரு செவுரு வச்சாப் போச்சு.”

மேற்கே சுவர் எழும்பியது. காற்று வடக்கே சுற்றி வந்தது. வடக்கே எழுப்பினார்கள், கிழக்கே வந்தது. ஒச்சப்பனுக்குச் சுவரை எழுப்பத் தெரியுமே தவிர எங்கே நிறுத்துவது என்று தெரியாது. மூன்று பக்கமும் தலைக்கு மேலே உயர்ந்துவிட்டது. தெற்குச் சுவருக்கான செங்கல்லையும் கலவையையும் உள்ளே கொண்டுவந்து வைத்துக்கொண்டு கட்டத் தொடங்கினார்கள். இடுப்பளவு வந்தபோது பாலகுருவுக்கு ஒரு சந்தேகம்.

“கதவு வைக்க வேணாமா?”

வேலை நின்றது. சீனிச்சாமி கவிழ்த்துப் போட்ட கலவைச் சட்டியின் மேல் உட்கார்ந்தார்.

“கதவு எதுக்கு?”

“உள்ள வர்றதுக்கு.”

“ஒச்சப்பன் எங்க இருக்கான்?”

“உள்ள.”

“நீ?”

“நானும் உள்ளதான்.”

“நானும் அழகுமலையும்?”

“உள்ள.”

“எல்லாரும் உள்ள வந்தாச்சு. இனிமே யாருக்குடா கதவு?”

பாலகுரு யோசித்தான். யாருமே பாக்கியில்லை. “அப்பத் தேவையில்லாததுதான்,” என்று ஒத்துக்கொண்டான்.

அழகுமலைக்கு ஏதோ நெருடியது. ஆனால் தேவையில்லாததை வைத்து வடிவிடம் யார் திட்டு வாங்குவது? மேலே வானம் தெரிந்தது, கீழே அடுப்பு ஆடாமல் அசையாமல் எரிந்தது. அடுத்த செங்கல்லை எடுத்துக் கொடுத்தான்.

சாயங்காலம் வடிவு வந்து சேர்ந்தாள். வாசலில் தண்ணீர்த் தொட்டி கிடந்தது, குழாயில் காற்று வந்தது. பையோடு மாடி ஏறியவள், நாலு பக்கமும் சுவரும் உள்ளே பேச்சுச் சத்தமுமாக நின்றதை இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

“ஏங்க! உள்ளயா இருக்கீங்க?”

“வந்துட்டியா வடிவு!” அழகுமலைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “உன் சமையக்கட்டு முடிஞ்சுபோச்சு! வந்து பாரு!”

“எப்படி வர்றது? வாசல் எங்க?”

உள்ளே குசுகுசுவென்று பேச்சு நடந்தது. பிறகு சீனிச்சாமியின் குரல் கேட்டது. “மொதல்ல கதவைத் தட்டு தாயி. தட்டாம எப்படித் திறக்கிறது?”

“கதவே இல்லையே மாமா!”

“நீ தட்டு. எங்க சத்தம் கேக்குதோ அங்க ஒரு கதவு வச்சுக்கிருவோம்.”

வடிவு பையைக் கீழே போட்டாள். ஓரமாகச் சாய்ந்திருந்த கடப்பாரையை எடுத்துத் தெற்குச் சுவரில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். ஈரம் காயாத சுவர். இரண்டு செங்கல் உள்பக்கமாக விழுந்து ஒரு துவாரம் விழுந்தது. அதில் அவள் முகம் சிவுசிவு என்று தெரிந்தது.

நால்வரும் அந்தத் துவாரத்தைப் பார்த்தார்கள். வெகுநேரம் யோசித்துவிட்டு சீனிச்சாமி மெதுவாகக் கேட்டார்.

“அழகுமலை, அன்னைக்கு இந்தப் புள்ள சன்னல் ஏதும் கேட்டுச்சா?”

“கேக்கலையே சித்தப்பா.”

“நெனச்சேன். பாலகுரு, அந்தச் செங்கலை எடு.”

அழகுமலை அவசர அவசரமாகக் கலவை குழைத்தான். வடிவு கோபத்தில் இருக்கிறாள், தேவையில்லாத ஒரு சன்னலை வேறு பார்த்துவிட்டாள். அவள் இன்னொரு வார்த்தை பேசுவதற்குள் ஒச்சப்பன் அதை அடைத்து, நேர்த்தியாகப் பூசியும் முடித்துவிட்டான்.