கயிற்றின் மறுமுனை

வாசலில் பீரங்கியை நிறுத்திவிட்டு வந்த பெல்டன் துரைக்கு உட்காரக்கூடப் பொறுமையில்லை.

"இன்று முதல் நீ எங்களுக்கு 'அலைடு' பாளையக்காரன். பொழுது சாய்வதற்குள் கோட்டைச் சாவி என் கைக்கு வர வேண்டும்!"

கரட்டுப்பட்டிப் பாளையக்காரர் எர்ரப்ப நாயக்கர் மடியில் செருகியிருந்த சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம், துரையவர்களே?"

"லத்தீனில் 'கட்டுவது' என்ற சொல்லிலிருந்து வந்தது. யுத்தத்தில் கூட நிற்கிற படையை அப்படித்தான் சொல்வோம். ஒன்றாகக் கட்டப்பட்ட நண்பர்கள்! சீக்கிரம், சாவி எங்கே?"

துரைக்கு மோர் கொண்டுவந்த மாட்டுக்காரி ஒச்சம்மா, செம்பை வைத்துவிட்டுத் தொழுவத்துக்கு ஓடினாள். கயிற்றோடு திரும்பி வந்தாள்.

"மன்னிக்கணும் மகாராசா" என்று ஒரு முனையை நாயக்கரின் மணிக்கட்டில் கட்டினாள். மறுமுனையோடு துரையை நெருங்கினாள்.

துரை துள்ளிக் குதித்தார். "என்னையா கட்டப் பார்க்கிறாய்? அதை என் கையில் கொடு!"

ஒச்சம்மா கொடுத்தாள்.

"மகாராசா, நானும் தினம் இப்படித்தான் நம்ம செவலைக் காளையைப் பிடிச்சுக்கிட்டுப் போறேன். ஆனா அதை என் கூட்டாளின்னு யார்கிட்டயும் சொல்றதில்ல."

நாயக்கர் கயிற்றை அவிழ்த்துப் போட்டார். சாவியை மடியில் இன்னும் இறுக்கிச் செருகிக்கொண்டார்.